நிழலில் கால் மணி நேரம்

கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள் சின்னவள். ஆனால் எழுதிய ஆளை எங்கே ஒளித்து வைப்பது? அவர்தான் இன்றைக்குப் பத்தரை மணிப் படகில் வந்து இறங்கப் போகிறாரே!

தொற்றுநோய்க்குப் பயந்து துறையை மூடி, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு தீவுக்கு வரும் முதல் பயணிகள் படகு அது. போன வாரம் ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் திறக்கலாம் என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். கடைசியில் நர்ஸம்மா எழுந்து, "திறக்கறதா இருந்தா நான் சொல்ற மாதிரிதான் திறக்கணும்" என்று சொன்ன பிறகுதான் கைகள் உயர்ந்தன. படகில் பாதி இருக்கை காலி. துறையிலேயே சோதனை. கடைசி ஆளுக்கு முடிவு தெரியும்வரை முதல் ஆளும் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது. வருகிறவர்களுக்கு மட்டுமில்லை, கூட்டி வருகிறவருக்கும் சோதனை உண்டு.

அந்த நர்ஸம்மா, சின்னவளின் கூடப் பிறந்த அக்கா. ஊரில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா, வீட்டில் பெரியவள்.

தீவில் அந்த நோய் கொண்டுபோனது ஒரே ஒரு உயிரைத்தான். அது பெரியவளின் புருஷன். எந்நேரமும் சீட்டி அடித்துக்கொண்டே படகு ஓட்டுவார் என்பதால் ஊரில் அவருக்கு 'விசில்' என்று பெயர். சின்னவளின் விடுதியில் தங்கியிருந்த ஒரு பஸ் டிரைவருக்கு மூச்சுத் திணறியபோது, பெரிய படகுகளை எல்லாம் நிறுத்திவிட்டிருந்தார்கள். கொட்டுகிற மழையில் விசில் தன் சின்னப் படகில் அவரை ஏற்றிக்கொண்டு மறுகரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பஸ் டிரைவர் பிழைத்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் விசில் போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியவள் தங்கையின் விடுதிப் படி ஏறவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பேசுவாள், சிரிக்கக்கூடச் செய்வாள். உள்ளே மட்டும் வரமாட்டாள்.

இப்போது அதே பஸ் டிரைவர், அறை கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு, முதல் படகில்.

"சொல்லிடேன்டி" என்று காலையில்கூடச் சொல்லிவிட்டுத்தான் போனார் சின்னவளின் புருஷன். அவர்தான் படகின் கேப்டன். "அவர் பேரை உங்க அக்கா படிச்சதும் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா?"

"துறையில வச்சுச் சொல்லிக்கிறேன்."

"துறைக்குள்ள உன்னை விடவே மாட்டாங்க. கயிறு கட்டியிருக்காங்க."

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. ஐம்பதடி தள்ளி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள் சின்னவள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய்ப் பந்தல், இடம் விட்டுப் போட்ட பதினாறு நாற்காலிகள், ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால், தலை முதல் கால்வரை மூடிய நீல உடுப்பில் அக்கா.

"அக்கா! ஒரு நிமிஷம்! உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்!"

"படகு வருது. அப்புறம் சொல்லு."

வந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து கேப்டன் கையை ஆட்டினார். பயணிகள் ஒவ்வொருவராக, தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எல்லோர் முகத்திலும் முகக்கவசம். அதற்கு மேலே, எங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தவிக்கும் கண்கள்.

ஏழாவதாக வந்தவர் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். கனத்த உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. பெரியவள் பெயரைப் படித்தாள். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்' என்று எழுதியிருந்தது. 'முன்பு இந்தத் தீவுக்கு வந்ததுண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்.

அந்தத் தேதியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கயிற்றோரம் பார்த்தாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவள் வெப்பமானியை எடுத்து அவர் நெற்றிக்கு நேரே நீட்டினாள். நூறு புள்ளி இரண்டு.

துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். நூறு புள்ளி இரண்டு.

'திரும்பிப் போங்க' என்று சொல்ல ஒரு வினாடி போதும். கேள்வி கேட்க ஆளில்லை. நர்ஸம்மா சொன்னால் சொன்னதுதான். வார்த்தை தொண்டை வரை வந்தும் விட்டது. இது காய்ச்சலைப் பார்த்து வந்த வார்த்தையா, பெயரைப் பார்த்து வந்த வார்த்தையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளைத் தடுத்தது.

அவள் கைப்பட எழுதிய விதி ஒன்று மேஜைமேலேயே ஒட்டியிருந்தது. வெயிலில் வந்தவருக்குச் சூடு அதிகம் காட்டினால், கால் மணி நேரம் நிழலில் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

"மேல் தட்டுல உக்காந்து வந்தீங்களா?"

"ஆமாம்மா. காத்தோட்டமா இருக்கும்னு."

"மூக்குல மாதிரி எடுத்துக்கறேன். அப்புறம் அந்தக் கடைசி நாற்காலியில போய் உக்காருங்க. கால் மணி நேரம் கழிச்சு வரேன்."

மாதிரி எடுத்தாள். மீதி ஒன்பது பேருக்கும் எடுத்து முடித்தாள். பிறகு கடைசி நாற்காலிக்கு நேரே, ஆறடி தள்ளி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

"நான் யாருன்னு தெரிஞ்சுடுச்சு, இல்லையா?" என்றார் பஸ் டிரைவர்.

"தெரிஞ்சுது."

"மூணு கடுதாசி எழுதினேன்மா உங்களுக்கு. மூணையும் கிழிச்சுப் போட்டுட்டேன். இதெல்லாம் எழுதற விஷயமான்னு என் வீட்டுக்காரி திட்டினா. போய் நேர்ல நின்னு சொல்லிட்டு வாங்க, அவங்க அடிச்சாலும் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சா."

பெரியவள் கையிலிருந்த அலாரம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தர் மேலயும் ஏத்தினது கிடையாது. கடைசியில பாருங்க... உங்க வீட்டுக்காரரை நான்தான்..."

"நிறுத்துங்க." குரல் கூர்மையாக வந்துவிட்டது. அடுத்த நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க இல்ல. உங்களைக் கொண்டுபோகப் படகு வேணும்னு கேட்டவ நான். யாரும் வரலைன்னதும் அவர் நான் போறேன்னார். போங்கன்னு சொன்னவளும் நான்தான். ஊர்ல எல்லாரும் உங்களைத் திட்டினாங்க, என் தங்கச்சியைத் திட்டினாங்க. என்னை யாருமே திட்டல. அதுதான் எனக்குத் தாங்கல."

இதை அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற ஆள் இவராகவா இருக்க வேண்டும் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பஸ் டிரைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என்னால சரியாப் பேச முடியல. மழை வேற கண்ணைத் தொறக்க விடல. ஆனா காது கேட்டுது. அவர் சீட்டி அடிச்சுக்கிட்டே வந்தார். ஒரு ஆள் பக்கத்துல இருக்கேன்னு எனக்குத் தெரியறதுக்காக. நடுவுல ஒருதரம் எப்படியோ திணறிக் கேட்டேன், 'உங்களுக்குப் பயமா இல்லையா?'ன்னு."

"என்ன சொன்னார்?"

"'பயமாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போனா என் பெண்டாட்டி திட்டப் போறா, தலை துவட்டாம வந்து நிக்கறீங்களேன்னு. ஆனா உங்களை விட்டுட்டுப் போனேன்னு வைங்க, அதைவிடப் பெரிய திட்டு விழும். என்னைக் கட்டினவ அப்படி. அவ போங்கன்னு சொல்லலைன்னாதான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்'னார். சொல்லிட்டுச் சிரிச்சார்மா. சந்தோஷமாத்தான் சிரிச்சார்."

பெரியவளின் முகத்தை மூடியிருந்த கண்ணாடி மறைப்பு உள்ளே புகை படிந்ததுபோல் மங்கியது. உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைக்க முடியாது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். வழிந்தது வழிந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடிகாரம் அடித்தது. எழுந்து வெப்பமானியை நீட்டினாள். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. சோதனைப் பட்டையிலும் ஒற்றைக் கோடுதான், நோய் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் முடியட்டும், அதுவரைக்கும் இங்கேயே உக்காந்திருங்க" என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பி நின்றாள். "தலையை ஒருநாளும் ஒழுங்காத் துவட்ட மாட்டார். அது உண்மைதான்."

பிறகு நேரே கயிற்றோரம் வந்தாள்.

"ஏன்டி மறைச்சே?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவே. இல்லைன்னா சரின்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ளேயே புழுங்குவே. உனக்கு அந்த ரெண்டுதானே தெரியும்?" சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் விடுதியில தங்கினவரால மாமா போனார். அதை வச்சுக்கிட்டு நானும் எத்தனை நாள்தான் உன் முகத்தைப் பாக்கறது? நீ உள்ள வரவே மாட்டேங்கறே..."

"உன்மேல கோவத்துலயா வரலைன்னு நினைச்சே? அட லூசு. உன் விடுதி ஜன்னல்ல நின்னா அவர் படகு கட்டற இடம் தெரியும். அதான் வரல."

சின்னவள் வாயைப் பிளந்தாள். பதினான்கு மாதமாக எதை நினைத்து எதற்கு அழுதிருக்கிறோம்!

"சாயந்திரம் வரேன். காபி போட்டு வை" என்றாள் பெரியவள். "இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. உன் வீட்டுக்காரர்."

கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

"அக்கா, பாத்து. ரொம்ப உள்ள விட்டீங்கன்னா மூளையும் சேர்ந்து வந்துடப் போகுது."

"இருந்தாத்தானே மாப்ள வரும்?"

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துறைக்கு வந்ததிலிருந்து அவர்கள் சிரித்தது அப்போதுதான். ஒரு அம்மா தன் பெண்ணிடம், "பீச்சுக்கு இன்னைக்கேவா, நாளைக்கா?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவள் பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படிவங்களை அடுக்கினாள். பதினைந்து, பதினாறு. எல்லாம் சரி. பட்டையைப் பார்த்தாள்.

இரண்டு கோடுகள்.

இரண்டாவது கோடு மங்கலாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து மறுபடியும் எடுத்தாள். இந்த முறை கேப்டன் வேடிக்கை பேசவில்லை. கால் மணி நேரம் கழித்து அதிலும் இரண்டு கோடுகள்.

"மாப்ள, எழுந்திருக்காதீங்க. அப்படியே இருங்க."

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையேக்கா. இருமல்கூட இல்ல."

"இருக்காது. போன வாரம் டீசல் வாங்க மறுகரைக்குப் போனீங்கல்ல? படகுல கண்ணாடி அறையை விட்டு வெளியில வந்தீங்களா? யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. கதவைக்கூடத் தொறக்கல."

அது ஒன்றுதான் ஆறுதல்.

ஊர்த் தலைவருக்குப் போன் போட்டாள்.

"முதல் நாளேவாம்மா?" என்றார் தலைவர், தலையில் இடி விழுந்த குரலில்.

"முதல் நாளே கண்டுபிடிச்சுட்டோம்னு சொல்லுங்க. வந்தவங்க யாருக்கும் இல்ல. நம்ம ஆளுக்குத்தான்."

"எல்லாரையும் அதே படகுல திருப்பி அனுப்பிடலாமா?"

"படகை யார் ஓட்டறது? அந்தப் படகைக் கழுவாம யார் ஏறறது? அவங்கவங்க ரூமுக்குப் போகட்டும். மூணு நாள் ரூமை விட்டு வெளியில வரவேண்டாம். மூணாம் நாள் மறுபடி எல்லாருக்கும் எடுப்பேன். மாப்ளயைப் பழைய தபால் ஆபீஸ்ல போட்டிருக்கோமே நாலு கட்டில், அங்க கொண்டுபோறேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இன்னொரு மாதிரியும் எடுத்தாச்சு. அதோட முடிவு வந்ததும் கூப்பிடறேன்."

"ஊர் சும்மா இருக்குமா?"

"இருக்காது. நீங்க பேசி நிறுத்துங்க. நான் சோதனை பண்றேன். ஆளுக்கு ஒரு வேலை."

போனை வைத்த பிறகுதான் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். விஷயம் புரிந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் சின்னவள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

பெரியவளுக்கு அந்த முகம் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முடியாது. ஆறடி தள்ளி நின்றாள்.

"இங்க பாரு. மாமா போனதை நினைக்காதே. அன்னைக்கு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாருக்குமே தெரியாது. மூச்சு முட்டின பிறகுதான் எடுத்துட்டு ஓடினோம். இன்னைக்கு இருமல் வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சாச்சு. விரல்ல மாட்டற மெஷின் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு, நான் இருக்கேன். கேக்குதா?"

"கேக்குது."

"நீயும் அவர்கூட ஒரே வீட்ல இருந்தவ. உனக்கும் எடுக்கணும். இன்னைக்கு இல்லைன்னு காட்டினாலும் நீ விடுதிக்குள்ளேயேதான் இருக்கணும். சாப்பாடு வாசப்படியில வைக்கச் சொல்றேன். காய்ச்சல், இருமல் வந்தாலும், வாசனை தெரியாம போனாலும் உடனே கூப்பிடு."

எடுத்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடுதான்.

மேட்டில் இருக்கும் தபால் ஆபீஸுக்குப் போகிற சாலையும் விடுதிக்குப் போகிற சாலையும் கொஞ்ச தூரம் ஒன்றாகத்தான் போகும். கேப்டன் இடது ஓரமாக நடந்தார். சின்னவள் வலது ஓரமாக நடந்தாள். நடுவில் வெறும் சாலை. பின்னால் நீல உடுப்பில் பெரியவள். வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. சில ஜன்னல்கள் பட்டென்று சாத்தப்பட்டன.

"ஏய், ஞாபகம் இருக்கா? நிச்சயம் ஆனப்ப இப்படித்தான் நடந்தோம். ஆளுக்கொரு ஓரமா. ஊர் பாக்குமேன்னு" என்றார் கேப்டன்.

"இப்பவும் ஊர் பாக்குது. பேசாம நடங்க."

"உனக்கு அன்னைக்கும் இதே பதில்தான்."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. சாலை பிரிகிற இடத்தில் இருவரும் நின்றார்கள். அவர் கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். வேறொன்றும் செய்வதற்கில்லை.

பெரியவள் துறைக்குத் திரும்பியபோது பந்தலில் ஒரே ஒருவர் மிச்சம். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார் பஸ் டிரைவர்.

"மத்தவங்களை எல்லாம் அவங்கவங்க ஹோட்டல்காரங்க வந்து கூட்டிட்டுப் போனாங்கம்மா. எனக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல. உங்க தங்கச்சி விடுதிக்குப் போக முடியாதுல்ல?"

முடியாதுதான். முதல் வாரம் ஜாக்கிரதையாக இருப்போம் என்று ஆறு அறையில் ஒன்றை மட்டும்தான் சின்னவள் திறந்திருந்தாள். அந்த ஒன்று இவருக்கானது. பெரிய ஹோட்டலுக்குப் போன் போட்டதில், துறையில் நடந்தது அதற்குள் அங்கே எட்டியிருந்தது. இடமில்லை என்றார்கள். பாதி அறை காலி என்பது ஊருக்கே தெரியும்.

"பேசாம நான் திரும்பிப் போயிடறேன்மா. என்னால யாருக்கும் தொந்தரவு வேண்டாம். வேணும்னா படகை நானே..."

"படகு ஓட்டத் தெரியுமா?"

"பஸ்தான் தெரியும்."

"அப்ப கடல்ல ரோடு போட்டதும் சொல்லி அனுப்பறேன்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

பெரியவள் பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்தாள். சானிடைசர் போட்டுத் துடைத்து, மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால தனியா ஒரு ரூம் இருக்கு. வாசல் தனி, குளியலறை தனி. ரெண்டு பக்கமும் ஜன்னல், காத்து நல்லா வரும். அவர் வலையும் இன்ஜின் சாமானும் போட்டு வச்சிருந்த இடம். மத்தியானம் படுத்துக்க ஒரு கட்டிலும் இருக்கும். ரொம்ப நாளாத் திறக்கல. தூசியா இருக்கும்."

பஸ் டிரைவர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அவரோட ரூமா?"

"ம்."

"நான் எப்படிம்மா..."

"மூணு நாள் எங்கயாவது இருந்துதானே ஆகணும்? சாமானை ஓரமா நகர்த்திக்கலாம். எதையும் தூக்கி மட்டும் போட்டுடாதீங்க."

"நானே பெருக்கித் துடைச்சுக்கறேன். ஒண்ணொண்ணும் இருந்த இடத்துலேயே வைக்கறேன்" என்றார் அவர். கை கூப்பினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குத்தான் பெரியவள் உடுப்பைக் கழற்றிக் குளித்து முடித்தாள். கேப்டனுக்குக் காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு காட்டியது. தபால் ஆபீஸ் ஜன்னல் வழியாக, "கட்டில் குட்டையா இருக்குக்கா, கால் வெளியில தொங்குது" என்று புகார் சொன்னார். புகார் சொல்கிற வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, மாடியிலேருந்து பாத்தேன். மாமா ரூம்ல லைட்டு எரியுது!"

"ஆமா. அவரைத்தான் தங்க வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நல்ல காரியம் பண்ணினேக்கா."

"அழாதே. மூக்கு அடைச்சுக்கிட்டா அப்புறம் எதுனாலன்னு எனக்குக் குழப்பமாயிடும்." பெரியவள் சிரித்தாள். "சாயந்திரம் வரேன்னு சொன்னேன். ஜன்னலுக்கு வெளியில நாற்காலி போட்டுக்கறேன். நீ உள்ள உக்காந்து காபி குடி, நான் வெளியில உக்காந்து குடிக்கிறேன்."

"அதான்... அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." சின்னவளின் குரல் மாறியிருந்தது. "காபிக்குப் பால் வச்சுட்டு ஜன்னல்ல நின்னுட்டேன். திரும்பிப் பாத்தா எல்லாம் பொங்கி, அடுப்புல ஊத்தி, பாத்திரம் கருகி, சமையலறை பூரா புகை."

"போனா போகுது. கையில எதுவும் சுட்டுக்கலையே?"

"இல்ல. ஆனா அக்கா..."

"என்னடி?"

"புகை கண்ணுக்குத் தெரியுதுக்கா. கருகின வாசனை மட்டும் எனக்குத் தெரியவே இல்ல."